லைம் நோய்: முப்பதாயிரமா, 4,76,000-ஆ?
காட்பாடி ஐயாவுக்கு வணக்கம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் மகளை நினைத்துக் கவலைப்பட்டு, உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் அங்கே ஆண்டுக்கு எத்தனை பேருக்கு வருகிறது என்று இரண்டு எண்கள் சொல்கிறார்களே, எது பொய் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் பொய்யில்லை.

ஆண்டுக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் என்பது சுகாதாரத் துறைக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்ட பழைய கணக்கு. படிவம் நிரப்பச் சலிப்பவர்கள் அமெரிக்காவிலும் உண்டு! 4,76,000 என்பது ஆண்டுக்கான மதிப்பீடு. 2010 முதல் 2018 வரையிலான மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளில் நோய்க் குறியீட்டோடு அதற்குரிய ஆன்டிபயாட்டிக்கும் இருந்தவர்களை எண்ணி, நாடு முழுமைக்கும் விரித்தார்கள். சந்தேகத்தின் பேரில் மருந்து பெற்றவர்களும் அதில் அடக்கம். அதனால் அது சற்று மிகையாகவே இருக்கும்.

2022-இல் முறைப்படி தெரிவிக்கப்பட்ட எண்ணிக்கை அறுபதாயிரத்தைத் தாண்டியதற்கு, நோயைத் தெரிவிக்கும் விதி மாறியதே முக்கியக் காரணம். வேலூர்ப் பக்கம் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்குக் காரணம் வேறு கிருமி, இதோடு கூட்டிவிடாதீர்கள்.