கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் ஐஎஃப்ஆர் (கருவிகளை வைத்துப் பறக்கும் விதிமுறை) அனுமதியோடு நேராக இறங்குபவருக்கு முன்னுரிமை உண்டா?

அமெரிக்க விதிகளின்படி, இல்லை. ஐஎஃப்ஆர் அனுமதி உங்களை மற்ற ஐஎஃப்ஆர் விமானங்களிடமிருந்து மட்டுமே பிரித்து வைக்கும். மேகத்துக்குக் கீழே வந்ததும் சுற்றில் (இறங்குவதற்காக ஓடுபாதையை ஒட்டிச் சுற்றிவரும் பாதையில்) பறக்கும் சிறிய செஸ்னா விமானமும் நீங்களும் சமம். கண்ணால் பார்த்து விலகுவது இருவரின் கடமை. ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேரான கடைசிப் பகுதியில்) இருப்பவருக்கும், இருவர் வந்தால் தாழ்வாக இருப்பவருக்கும் வழிவிட வேண்டும் என்பது விதி 91.113. ஆனால் அதைச் சாக்காக வைத்து அடுத்தவர் முன்னால் நுழையக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது.

சுற்று வழக்கமாகத் தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில், வேறு குறிப்பு இல்லையென்றால் இடப்பக்கத் திருப்பங்களோடு நடக்கும்.

பெரும்பாலும் தவறு நடப்பது வானொலியில்தான். அணுகுமுறைப் புள்ளியின் (கருவி வழி இறங்கும் பாதையில் குறித்த இடத்தின்) பெயரைச் சொன்னால் பயிற்சி மாணவருக்கு ஒன்றும் புரியாது. "தெற்கே 5 மைல், ஓடுபாதை 36-க்கு நேர் ஃபைனல்" என்று சொல்லுங்கள். 10 மைலில் தொடங்குங்கள். 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் கடைசி 5 மைல் வெறும் 3 நிமிடம் 20 வினாடி. வானொலியே இல்லாத விமானமும் சுற்றில் இருக்கலாம், அதனால் பதில் வராததைக் காலியான வானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேகத்தையும் குறையுங்கள். 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில், நேராக வேகமாய் இறங்க வந்த செஸ்னா 340 சுற்றில் இருந்த செஸ்னா 152-உடன் மோதி மூவர் இறந்தனர். அங்கே இருவருமே வானொலியில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சுற்றில் நெரிசல் என்றால், வானிலை இடம்கொடுக்கும்போது ஐஎஃப்ஆரை ரத்து செய்துவிட்டு 45 டிகிரியில் டவுன்விண்டில் (சுற்றில் ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதியில்) சேர்வதே நல்லது.