வேலிக்காத்தானை எடுத்த இடத்தில் என்ன நடுவது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தரிசில் வேலிக்காத்தானை, அதாவது சீமைக் கருவேலத்தை, இரண்டு முறை வெட்டிவிட்டோம். ஆறே மாதத்தில் முன்பைவிட அடர்ந்து புதராகிவிட்டது. என்ன தவறு செய்கிறோம்?

பதில்: தரைமட்டத்தில் வெட்டியதுதான் தவறு. தண்டும் வேரும் சேரும் தூரில், மண்ணுக்குள்ளே, மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. மேலே வெட்ட வெட்ட அவை கிளம்பி, ஒரு தண்டு நின்ற இடத்தில் நாலைந்து தண்டு வரும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது தூரைச் சுற்றி ஓர் அடி ஆழம் தோண்டி, அந்தக் கழுத்துப் பகுதியை முழுசாக எடுங்கள். அதற்குக் கீழே ஆணிவேர் அறுந்து கிடந்தாலும் பெரும்பாலும் துளிர்க்காது. தூரில் டீசல், உப்பு ஊற்றும் வேலை வேண்டாம். அடுத்து நடப்போகும் கன்றுக்கான மண்ணைத்தான் அது கெடுக்கும்.

அடுத்த மழைக்கு விதைகள் முளைத்து வரும், மனம் தளராதீர்கள். இனிப்பான நெற்றை ஆடு மாடு தின்று சாணத்தோடு போடுகின்றன. வயிற்றில் ஓடு இளகிய விதை சீக்கிரம் முளைக்கும். விரல் உயர நாற்று கையோடு வந்துவிடும். ஒரு பருவம் விட்டால் கடப்பாரைதான். மண்ணில் விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதால் ஐந்து மழைக்காலமாவது நடந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். எப்படி அடையாளம் காண்பது?

பதில்: நாட்டுக் கருவேலத்தின் பூ அடர்மஞ்சள் உருண்டை. சீமைக் கருவேலத்தில் வெளிர்மஞ்சள் கதிர், விரல் நீளத்துக்குத் தொங்கும். நாட்டுக் கருவேலங்காய் விதைக்கு விதை இடுங்கி மணி கோத்ததுபோல் இருக்கும். சீமையின் நெற்றில் அந்த ஆழமான இடுக்கு இல்லை, பழுத்தால் மஞ்சளாகும். பூவும் காயும் இல்லாத மரத்தைத் தெரியும்வரை தொடாதீர்கள். கண்மாய்க்குள் பறவைக் கூடு இருந்தால், அது சீமைக் கருவேலமே ஆனாலும், குஞ்சுகள் பறந்து போகும்வரை பொறுங்கள்.

கேள்வி: சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறதாமே?

பதில்: இல்லை. ஆழமாக இறங்கும் வேரால் நிலத்தடி நீரைக் குடிக்கிறது. அந்தக் குற்றச்சாட்டே போதும்.

கேள்வி: வேலியோர உண்ணிச்செடியில் எப்போதும் பட்டாம்பூச்சி மொய்க்கிறது. அதை ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள்?

பதில்: வருவது தேனுக்கு மட்டும். நம் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் அந்த இலையில் வளர்வதில்லை. மாடு தின்றால் ஈரல் கெடும், தோல் வெடிக்கும். பறவைகள் பழத்தைத் தின்று காடெங்கும் விதைத்துவிடுவதால் புல் முளைக்க இடமே இல்லாமல் போகிறது. அதற்குப் பதில் எருக்கஞ்செடி வையுங்கள், அதில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும். கறிவேப்பிலையில் புழு கண்டால் மருந்து அடிக்காதீர்கள். சின்னதில் பறவை எச்சம்போலத் தெரிவது அழகிய பட்டாம்பூச்சியின் பிள்ளை. உண்ணிச்செடியையும் தூரோடு பெயர்த்து, வேர் மண்ணில் படாதபடி தலைகீழாகப் போட்டுக் காயவிடுங்கள்.

கேள்வி: பார்த்தீனியம் பிடுங்கினால் கை அரிக்கிறது.

பதில்: கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்துக்குத் துணி. பூப்பதற்கு முன் பிடுங்குங்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். பூத்த செடியை எருக்குழியில் போட்டால் எருவோடு விதையும் வயலுக்குப் போகும். பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாமல் தகரை, துத்தி விதையைத் தூவுங்கள், நெருக்கிவிடும்.

கேள்வி: சரக்கொன்றை என்று வாங்கிய கன்றில் பூ மேல்நோக்கி நிற்கிறது. சரிதானா?

பதில்: சரக்கொன்றை சரமாகத் தொங்கும், இலைகளும் பெரியவை. நிமிர்ந்து நிற்பது முதுமலைக் காட்டைப் பிடித்திருக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அந்நிய மரமாக இருக்கலாம். காய் முற்றுவதற்கு முன் வேரோடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: காலியான இடத்துக்கு முதலில் எதை நடலாம்?

பதில்: வறண்ட நிலத்துக்கு ஆவாரை, பின்னால் வேம்பு, புங்கன். ஆவாரை விதையின் ஓடு கெட்டி. கொதித்து இறக்கிய நீரைச் சற்று ஆறவிட்டு விதைமேல் ஊற்றி, இரவு முழுக்க ஊறவைத்து, உப்பியதை மட்டும் விதையுங்கள். உப்பாததை மறுநாளும் ஊறவையுங்கள். வேப்பங்கொட்டை சில வாரங்களில் முளைப்புத்திறன் இழந்துவிடும், பழம் உதிர்ந்த கையோடு போடுங்கள். ஒன்றரை அடிக் குழியில் கன்றை ஐப்பசி மழைக்கு முன் வைத்தால், கோடைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும்.