மேற்குக் கனடாவில் ஐஸைத் துளைத்து லார்ஜ்மௌத் பாஸ் பிடிக்க முடியுமா?

கேள்வி: கல்கரியில் இருக்கிறேன். ஐஸ் ஃபிஷிங்கில் ட்ரௌட், பைக், வால்ஐ மீன்கள் எல்லாம் பிடித்தாயிற்று. லார்ஜ்மௌத் பாஸ் என்ற பெரிய வாய் மீனை இப்படிப் பிடிக்க முடியுமா? எந்த ஏரிக்கு, எப்போது போக வேண்டும்? என்ன சாமான் வேண்டும்? ஏரி மேல் பிக்கப்பை ஓட்டிப் போகலாமா?

பதில்:

பிடிக்கலாம். ஆனால் பாஸ் ஒன்றையே குறிவைத்து அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். மஞ்சள் பெர்ச் என்ற சின்ன மீனைப் பிடிக்க வாருங்கள். பெர்ச் மேயும் பாசியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் பாஸும் அங்கேதான் இருக்கும். நான் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒக்கனாகன் பள்ளத்தாக்கில் குடியிருப்பவன். குளிர்காலத்தில் எனக்கு மாட்டிய பாஸ் எல்லாமே பெர்ச்சுக்குப் போட்ட சின்னத் தூண்டிலில் வந்தவைதான்.

முதலில் இடம். ஆல்பர்ட்டாவில் இதைத் தேட வேண்டாம், நேர விரயம். சஸ்காட்செவனில் எஸ்டெவன் ஊருக்குப் பக்கத்தில் பவுண்டரி டேம் நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கே லார்ஜ்மௌத் உண்டு. ஆனால் நிலக்கரி மின்நிலையத்தைக் குளிர்வித்துவிட்டு வரும் வெந்நீர் அதில் கலப்பதால் ஏரி முழுவதும் உறைவதே இல்லை. சுற்றிலும் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி இருக்கும்போது கரையில் நின்று தூண்டில் வீசுகிறார்கள். வேடிக்கையான இடம்தான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

மிச்சம் இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்கோடி. இங்கே இந்த மீன் சொந்தக்காரன் இல்லை. அமெரிக்கப் பக்கம் கொண்டுவந்து விட்டவை எல்லை தாண்டி வந்தன. ஒக்கனாகன் ஆறு தெற்கு நோக்கி ஓடுகிறது, அதனால் ஒசோயூஸ் ஏரிக்கு வந்தவை எதிர்நீச்சல் போட்டு வந்தவை. கிழக்கே கிரெஸ்டன் ஊர்ப் பக்கம் கதை தலைகீழ். கூட்டனே ஆறு கனடாவில் பிறந்து, மொன்டானா, ஐடஹோ எனச் சுற்றிவிட்டு, திரும்ப வடக்கே கனடாவுக்குள் நுழைகிறது. அந்தப் போக்கிலேயே மீனும் சுகமாக இறங்கி வந்துவிட்டது.

ஒசோயூஸ் ஏரி கனடாவின் வெதுவெதுப்பான ஏரிகளில் ஒன்று, ஐஸை நம்பிப் போக முடியாது. அதற்கு வடக்கே இருக்கும் வாஸூ ஏரி சின்னது, ஆழம் குறைவு, நல்ல குளிர் வந்தால் உறையும். அது 1923-லிருந்து பறவைச் சரணாலயம், மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. பார்க்க அழகான இடம். ஆனாலும் ஒன்றைத்தான் சொல்லச் சொன்னால் கிரெஸ்டன் பள்ளத்தாக்கில் இருக்கும் டக் லேக் என்பேன். கூட்டனே ஏரியின் தென்முனையிலிருந்து கரை போட்டுப் பிரித்த ஆழமில்லாத ஏரி அது. கோடையில் தண்ணீரெல்லாம் பாசிக்கொடியாக இருக்கும். லார்ஜ்மௌத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கல்கரியிலிருந்து கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர்.

சரி, ஐஸுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் துளை போட்டுப் பயனில்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. அதனால் அந்த 4 டிகிரித் தண்ணீர் அடியில் தங்கிவிடும், ஐஸை ஒட்டியிருப்பது பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். கோடை ஏரிக்கு நேர் எதிர். பாஸின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். 10 டிகிரிக்குக் கீழே போனாலே அதன் பசி மந்தமாகிவிடும். 4 டிகிரியில் விழுங்கிய ஒரு குட்டி மீன் செரிக்கவே பல நாள் ஆகும். பைக், ட்ரௌட் மாதிரி ஐஸுக்கு அடியில் துரத்தி வேட்டையாடும் தெம்பு இதற்குக் கிடையாது. கோடையில் சேர்த்த கொழுப்பைச் சிக்கனமாகச் செலவு செய்துகொண்டு வசந்தத்துக்குக் காத்திருக்கும். அந்த வருடம் பிறந்த குஞ்சுகளில் போதுமான அளவு வளராதவை முதல் குளிர்காலத்தையே தாண்டுவதில்லை. இந்த மீன் வடக்கே பரவாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, அது உங்களைத் தேடி வராது. அது எங்கே சும்மா நிற்கிறதோ அங்கே நீங்கள் போக வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் ஒரே ஒரு விதிதான்: பச்சைப் பாசியைத் தேடு.

ஏரி உறைந்ததும் காற்றிலிருந்து ஆக்சிஜன் இறங்குவது நின்றுவிடும். கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸ் வழியாக வெளிச்சம் இறங்கினால் அடியில் இருக்கும் பாசிக்கொடி உயிரோடு இருந்து ஆக்சிஜன் விடும். அதில் பூச்சிகள் இருக்கும், பூச்சியைத் தின்னப் பெர்ச் வரும், பெர்ச் குட்டிகளுக்குப் பக்கத்தில் பாஸ் நிற்கும். ஐஸ் மேல் ஸ்னோ கொட்டி மூடிவிட்டால் வெளிச்சம் போச்சு. பாசி செத்துப் பழுப்பாகி அழுக ஆரம்பிக்கும். அழுகல் இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். அப்புறம் அந்த இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒன்றும் வராது, மீன்களெல்லாம் ஆழமான விளிம்புக்குப் போயிருக்கும். ஆழமில்லாத ஏரிகளில் இது முற்றிப்போய் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பதும் உண்டு.

அதனால்தான் முதல் ஐஸ் நல்லது என்கிறார்கள். எங்கள் பக்கம் அது டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வரும், வருடத்துக்கு வருடம் மாறும். உறைந்து, நடக்கும் அளவுக்குத் தடித்து, இன்னும் பெரிய ஸ்னோ விழாத அந்தச் சில நாட்கள்தான் உங்களுக்கு வேண்டியது. நடுக்குளிரில் வர வேண்டியிருந்தால் காற்று ஸ்னோவைத் துடைத்துவிட்ட கறுப்பு ஐஸ் திட்டுகளாகப் பார்த்துத் துளை போடுங்கள். மார்ச் பக்கம் உருகும் தண்ணீர் ஆக்சிஜனைக் கொண்டுவரும்போது மீன் மறுபடி கரைப் பக்கம் வரும். ஆனால் அப்போது ஐஸ் இற்றுப்போயிருக்கும். நான் போவதில்லை.

பாசி பச்சையா பழுப்பா என்று பார்க்க நீருக்கடிக் கேமரா விற்கிறார்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தூண்டில் முள்ளை அடிவரை இறக்கிச் சுண்டி இழுங்கள். சிக்கி வரும் பாசி பச்சையாக, மொறுமொறுவென்று இருந்தால் அங்கேயே இருங்கள். கொழகொழவென்று பழுப்பாக வந்தால் அடுத்த துளை. 2 முதல் 4 மீட்டர் ஆழத்தில், பாசி முடிந்து வெறும் தரை தொடங்கும் ஓரத்தில்தான் என் துளைகள் பெரும்பாலும் இருக்கும். வந்தவுடன் எல்லாத் துளைகளையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, பிறகு தூண்டில் இறக்குங்கள். இந்த ஆழத்தில் ஐஸைத் துளைக்கும் ஆகரின் சத்தமும் பூட்ஸ் சத்தமும் மீனுக்கு நன்றாகவே கேட்கும்.

சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பெர்ச் சாமானே போதும். 8 அங்குல ஆகர், துளையில் மிதக்கும் ஐஸ் துணுக்குகளை அள்ள ஜல்லிக்கரண்டி மாதிரி ஒரு அகப்பை, குட்டைக் கழி, 4 அல்லது 6 பவுண்டு தாங்கும் தங்கூசி நரம்பு, சின்ன டங்ஸ்டன் ஜிக் (எடை கோத்த முள்), அதில் மண்புழுத் துண்டு அல்லது சின்ன ரப்பர்ப் புழு. ஒலியால் மீனைக் காட்டும் சோனார் கருவி இருந்தால் உங்கள் ஜிக்குக்கு அடியில் மீன் எழும்பி வருவது தெரியும், அப்போதுதான் பொறுமை வேண்டும். லேசாக ஆட்டுங்கள், நிறுத்துங்கள், நிறுத்தியது நிறுத்தியபடி இருக்கட்டும். பைக்குக்குத் தூக்கித் தூக்கிப் போட்ட கைக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும். கடி என்று ஒன்றும் பெரிதாக இருக்காது. கழியின் நுனி கொஞ்சம் கனக்கும், அல்லது ஜிக்கின் கனம் திடீரென்று இல்லாமல் போகும். கோடையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு குதிக்கும் அதே மீன் இப்போது ஈரத் துணிமூட்டையாக மேலே வரும். சண்டைக்காகப் பாஸ் பிடிப்பவர் நீங்கள் என்றால் ஏமாற்றம்தான். ஒன்று மாட்டினால் அதே துளையை விட்டு நகராதீர்கள், குளிரில் இவை கூட்டமாக நிற்கும். விடிகாலையில் வந்து விறைக்க வேண்டியதும் இல்லை. எனக்கு எப்போதும் வெயில் நன்றாக ஏறிய பிறகு, மதியத்துக்கு மேல்தான் கிடைத்திருக்கிறது.

மாட்டிய மீனைத் திரும்ப விடுவதானால் ஐஸ் மேல் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கடுங்குளிர்க் காற்றில் கண்ணும் செவுளும் கொஞ்ச நேரத்திலேயே உறைய ஆரம்பிக்கும். நீந்திப் போய்விட்டது என்று நாம் நினைப்போம், அது அப்புறம் சாகும்.

சட்டத்தில் உங்களுக்குப் புதிதாக இருக்கக்கூடியது ஒன்று உண்டு. ஆல்பர்ட்டாவில் ஐஸ் மேல் ஆளுக்கு இரண்டு தூண்டில் போட்டுப் பழகியிருப்பீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆளுக்கு ஒன்றுதான், அதில் ஒரே முள்தான். உயிர் மீனை இரையாகப் போடுவது குற்றம். ஆல்பர்ட்டா லைசன்ஸ் இங்கே செல்லாது, வெளிமாகாணத்தவருக்கான நன்னீர் லைசன்ஸை ஆன்லைனில் வாங்க வேண்டும். அது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்பதெல்லாம் ஏரிக்கு ஏரி மாறும். மாகாண அரசின் அந்த வருடத்து விதிப் புத்தகத்தைக் கிளம்பும் முன் பாருங்கள்.

இதில் எனக்குக் கோபம் வரும் விஷயமும் இருக்கிறது. பாஸ் பிடிக்க ஆசைப்பட்டு, அதை வாளியில் போட்டு எடுத்துப்போய்த் தன் வீட்டுப் பக்கத்து ஏரியில் விடுபவர்கள் உண்டு. இது பெரிய அபராதம் வாங்கித்தரும் குற்றம். கண்ணில் பட்டதை விழுங்கும் மீன் இது. ட்ரௌட் குஞ்சு, சால்மன் குஞ்சு, தவளை, எதையும் விடாது. மாகாணத்தில் வடக்குச் சிறுத்தைத் தவளை இயற்கையாக மிஞ்சியிருக்கும் ஒரே இடம் இதே கிரெஸ்டன் பள்ளத்தாக்குதான். பல வருடம் பாடுபட்டு ஒக்கனாகன் பூர்வகுடி மக்கள் ஒசோயூஸ் ஏரிக்குச் சாக்கை சால்மனைப் பெருக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள், அதன் குஞ்சுகளுக்கும் பாஸ் எதிரி. அதனால் விதி அனுமதிக்கும் அளவுக்குப் பாஸை வீட்டுக்கு எடுத்துப்போவதில் எனக்குத் தயக்கமே இல்லை. குளிர்காலத்தில் சதை கெட்டியாக இருக்கும், கோடையில் வரும் சேற்று வாடை வராது. பெர்ச்சோ, மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் வேறு எதுவும் வேண்டாம்.

கடைசியாக ஐஸ். மீன் பிடிப்பவர்கள் நடக்க 10 சென்டிமீட்டர் போதும் என்பார்கள். கனடா செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது, நானும் 15 வரை காத்திருக்கிறேன். அதுவும் தெளிந்த ஐஸ் கணக்கு. ஸ்னோ கலந்து வெள்ளையாக உறைந்தது பாதிப் பாரம்தான் தாங்கும். சிக்கல் என்னவென்றால், பாஸுக்குப் பிடித்த இடங்கள்தான் ஐஸ் மெலிந்த இடங்களும்: ஓடை வந்து சேரும் வாய், பீவர் கூடு, நாணல் ஓரம், படகுத்துறைக் கால்கள். இரும்புக் கம்பியால் சில அடிக்கு ஒருமுறை குத்திப் பார்த்துக்கொண்டே போங்கள். தனியாகப் போகாதீர்கள். மிதவை உடுப்பும், கழுத்தில் தொங்கும் ஐஸ் ஊசிகளும் ஆகரைவிட முக்கியமான சாமான்.

மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், தன்னையே உறைநீரில் இறக்கிச் சோதனை செய்தவர், 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். உள்ளே விழுந்தால் மூச்சை நிதானப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்தான், குளிரால் நினைவு தப்ப 1 மணி நேரம். அதாவது விழுந்த உடனே பதறி அடித்துக்கொள்ளாமல் மூச்சை நிதானப்படுத்தி, வந்த திசைக்கே திரும்பி, ஊசியைக் குத்தி, காலை உதைத்து மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டு போக வேண்டும். கூடாரத்துக்குள் ஹீட்டர் வைத்தால் காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பிக்கப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குத் தெளிந்த ஐஸே 30 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆல்பர்ட்டா மாதிரிப் புல்வெளி மாகாணங்களில் அது சாதாரணம், கிரெஸ்டனிலும் ஒக்கனாகனிலும் அப்படி உறைவதை நம்பி வண்டியை இறக்க முடியாது. கரையில் நிறுத்திவிட்டு ஸ்லெட்ஜை இழுத்துக்கொண்டு நடந்து வாருங்கள்.