மருத்துவர் பதில்கள்: பாதரசமும் அதனுடன் சேரும் நஞ்சுகளும்

கேள்வி: காய்ச்சல் பார்க்கும்போது என் நான்கு வயது மகன் தெர்மாமீட்டரைக் கடித்து உடைத்துவிட்டான். கண்ணாடித் துண்டுகளைத் துப்பிவிட்டான். ஆனால் பாதரசத்தில் கொஞ்சம் உள்ளே போயிருக்கும் என்று நினைக்கிறேன். கட்டிலிலும் தரையிலும் சிதறியதைத் துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போட்டேன். என்ன ஆகும்? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் கவலை வயிற்றைப் பற்றியது, நான் கவலைப்படுவது அந்த அறையைப் பற்றி. விழுங்கிய உலோகப் பாதரசத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட ஆரோக்கியமான குடல் உறிஞ்சுவதில்லை. அது மலத்தோடு வெளியேறிவிடும். வயிற்றுவலியோ, மலத்தில் இரத்தமோ தென்பட்டால் மட்டும் கண்ணாடித் துண்டை நினைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆனால் அதே பாதரசம் ஆவியாகி மூச்சோடு உள்ளே போனால், ஏறக்குறைய எண்பது சதவீதம் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும், மூளைக்குள்ளும் நுழையும். சாதாரண அறை வெப்பத்திலேயே அது ஆவியாகிக்கொண்டிருக்கும், அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. துடைப்பம் ஒரு பெரிய துளியை நூறு சிறு துளிகளாக்கி ஆவியாகும் பரப்பைக் கூட்டிவிடுகிறது என்பதால்தான் கூட்ட வேண்டாம் என்கிறோம்.

இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. குழந்தையை வேறு அறைக்கு மாற்றி, மின்விசிறியை நிறுத்தி, வெளிப்பக்க ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டுக் கையுறை அணியுங்கள். பாதரசம் தங்கத்தோடு நொடியில் ஒட்டிக்கொண்டு அதை வெளுக்கச் செய்துவிடும். டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால், ஓடு இணையும் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் துளிகள் மினுங்கும். அவற்றை இரண்டு விசிட்டிங் கார்டுகளால் ஒன்றாகத் தள்ளிச் சேர்த்து, கண்ணுக்கு அரிதான பொடித்துளிகளைச் செல்லோடேப்பால் ஒற்றியெடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் போட்டு, உடைந்த தெர்மாமீட்டர் என்று எழுதி வையுங்கள். துடைப்பத்தையும் கட்டில் விரிப்பையும் கட்டி வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள்; விரிப்பை வாஷிங் மெஷினில் போட்டால் மெஷினே மாசுபடும்.

ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஏறத்தாழ ஒரு கிராம்தான். காற்றோட்டமுள்ள வீட்டில், சரியாகத் துப்புரவு செய்தால், அது நோய் தரும் வாய்ப்பு குறைவு. 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் தொழிலாளர்கள் எழுப்பிய உடல்நலப் புகார்களோடு இதை ஒப்பிட்டுப் பலர் அஞ்சுகிறார்கள். அங்கே பாதரசத்தின் நடுவே ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் வேலை செய்தார்கள். இங்கே நடந்தது ஒரு நாள் விபத்து. என்றாலும் சில வாரங்களில் குழந்தைக்குத் தூக்கமின்மை, காரணமில்லாத சிடுசிடுப்பு, கைநடுக்கம், உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோலுரிதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் இந்தச் சம்பவத்தைத் தவறாமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றவே தோன்றாது.

கேள்வி: மகளுக்குப் பிரசவமாகி இருபது நாள். பால் ஊற வேண்டும் என்று பால் சுறாப் புட்டு செய்து கொடுக்கிறேன். சுறாவில் பாதரசம் இருக்கிறது என்று மருமகன் தடுக்கிறார். (வாசகி, தூத்துக்குடி)

பதில்: அம்மா, உங்கள் மருமகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. நீரில் கலக்கும் பாதரசத்தைப் பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறுமீனை உண்ணும் பெருமீன், அதை உண்ணும் சுறா என்று படிப்படியாக அது செறிவு கூடிக்கொண்டே போகிறது. உலோகப் பாதரசத்துக்கு நேர்மாறாக, மெத்தில் பாதரசத்தில் ஏறக்குறைய முழுவதையும் குடல் உறிஞ்சிக்கொள்ளும். அது மீனின் தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால், எவ்வளவு அலசினாலும், வேகவைத்து உதிர்த்தாலும், மஞ்சள் சேர்த்தாலும் போகாது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட பேரழிவில், தாங்கள் பெரிதாகப் பாதிக்கப்படாத தாய்மார்கள்கூடக் கடுமையான மூளைப் பாதிப்புள்ள குழந்தைகளைப் பெற்றார்கள். அங்கே பாதரசம் கலந்த தொழிற்சாலைக் கழிவு நேரடியாக விரிகுடாவில் விடப்பட்டது. நம் சந்தை மீனை அதனோடு சமப்படுத்த முடியாது. கருவிலிருக்கும் மூளைக்கு இது எவ்வளவு கொடியது என்பதை மட்டும் உலகம் அங்கேதான் கற்றது.

சந்தையில் பால் சுறா என்று விற்பவை பெரும்பாலும் இளஞ்சுறாக்களும் சிறு இனச் சுறாக்களும்தான்; முழு வளர்ச்சியடைந்த பெருஞ்சுறாவைவிட இவற்றில் பாதரசம் பொதுவாகக் குறைவு. இதுவரை கொடுத்த புட்டை நினைத்து வருந்த வேண்டியதில்லை; தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பதே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை. நானும் அதையேதான் சொல்வேன். அதற்காக மீனையே விலக்குவது பெரிய இழப்பு. சாளை, நெத்திலி போன்ற பொடிமீன்களில் பாதரசம் மிகக் குறைவு, குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா கொழுப்பு நிறைவு. சாளையை வைத்து அதே புட்டைச் செய்யலாம். பால் ஊறுவது பெரும்பாலும் குழந்தை அடிக்கடி குடிப்பதைப் பொறுத்தது.

கேள்வி: நான் ஈயம் புழங்கும் வாகன பேட்டரிக் கடையில் வேலை செய்கிறேன். மனைவி சிவப்பழகு க்ரீம் பூசுகிறார். அதில் பாதரசம் இருக்கும் என்கிறார்கள். ஈயமும் பாதரசமும் சேர்ந்தால் விஷம் நூறு மடங்காகும், சோதனையில் எலிகள் எல்லாம் செத்துப்போயின என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. (வாசகர், சேலம்)

பதில்: அந்தச் செய்தி ஊதிப் பெருக்கப்பட்டது என்றாலும் அதன் அடியில் ஓர் உண்மையான ஆய்வு இருக்கிறது. 1978இல் வெளியான அந்த ஆய்வில், நூறில் ஓர் எலியைக் கொல்லும் அளவு பாதரசத்தோடு மிகச் சிறிதளவு ஈயத்தையும் சேர்த்தபோது எலிகள் அனைத்தும் இறந்தன. ஆனால் நூறில் ஒன்றைக் கொல்லும் அளவு என்பதே சாவின் விளிம்பில் இருக்கும் பெரிய அளவு. வீட்டில் நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேரும் அளவுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

அதே சமயம், நஞ்சுகள் ஒன்றையொன்று பெருக்கிவிடும் என்பதற்கு மனிதரிடமே வலுவான சான்று உண்டு. 1979இல் வெளியான அமெரிக்கக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர் ஆய்வின்படி, நுரையீரல் புற்றால் இறக்கும் ஆபத்து கல்நாரால் மட்டும் சுமார் 5 மடங்கு, புகைப்பழக்கத்தால் மட்டும் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 50 மடங்குக்கும் மேல். ஈயம், பாதரசம், சிகரெட் புகையில் வரும் காட்மியம் ஆகிய மூன்றும் சிறுநீரகத்தைத் தாக்குபவை. முதலிரண்டும் வளரும் மூளையையும் தாக்குபவை. தனித்தனியே பார்த்தால் சிறிய அளவு என்று ஒவ்வொன்றையும் ஒதுக்கிவிடுவது தவறு என்பதற்கு இது போதும்.

உங்கள் வீட்டில் முதலில் நிற்க வேண்டியது க்ரீம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை வந்த ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயின் 22 நோயாளிகளில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை கண்டறியப்பட்டது; அவர்களில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். க்ரீம் பட்ட துண்டு, தலையணை உறை வழியாகப் பூசாத குழந்தைகளின் உடலிலும் பாதரசம் சேர்ந்தது வேறு இடங்களில் பதிவாகியிருக்கிறது. மனைவிக்குச் சிறுநீரில் புரதம், பாதரசம் ஆகிய சோதனைகளைச் செய்யுங்கள். நீங்கள் இரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். கடையிலேயே உடை மாற்றிக் கை கால் முகம் கழுவிய பிறகே வீட்டுக்கு வாருங்கள், வீட்டில் குழந்தை இருந்தால் அதன் பிறகே தூக்குங்கள், வேலை உடையைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைக்கு இரத்தசோகை இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். இரும்புச்சத்துக் குறைந்த குடல் ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: உடலில் சேர்ந்த உலோகங்களை வெளியேற்ற டீடாக்ஸ் சிகிச்சை எடுக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நீங்களாக முடிவெடுத்து வேண்டாம். உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் கீலேஷன் மருந்துகள் உண்மையான மருந்துகளே. ஆனால் அவை சோதனையில் நச்சு நிரூபணமானவர்களுக்கானவை. 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆட்டிசத்துக்கு என்று இந்தச் சிகிச்சை பெற்ற ஐந்து வயதுச் சிறுவன் இரத்தத்தில் கால்சியம் திடீரென வீழ்ந்து இறந்தான். மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைப் பரிசோதித்து, பாருங்கள் எவ்வளவு உலோகம் வருகிறது என்று காட்டும் மையங்களை நம்பாதீர்கள். அந்த மருந்தைக் கொடுத்தால் யாருக்குமே அளவு கூடித்தான் வரும். மீன் வழியாக வந்த மெத்தில் பாதரசத்தைப் பொறுத்தவரை, வரும் வழியை அடைத்தாலே இரத்தத்தில் அது சுமார் ஐம்பது நாள்களில் பாதியாகிவிடும்.