போல்டர் வழக்கும் சந்தேகப் பட்டியலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1996 டிசம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரில், தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட ஆறு வயதுச் சிறுமி ஜான்பெனே ராம்ஸியின் வழக்கைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எக்ஸெல்லில் ஓர் அட்டவணை போட்டு, சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். சிறுமியைக் கடத்திவிட்டதாகச் சொன்ன மிரட்டல் கடிதத்தில் கேட்ட 1,18,000 டாலர் தந்தையின் போனஸ் தொகையோடு ஒத்துப்போகிறது. பனியில் காலடித் தடம் இல்லை. அவசர உதவி எண்ணான 911க்குப் போன அழைப்பின் முடிவில் இன்னொரு குரல் கேட்கிறது. கையெழுத்தும் பொருந்துகிறது. எல்லாம் கூட்டினால் வீட்டுக்குள் இருந்த ஒருவருக்கே அதிக மதிப்பெண் வருகிறது. ஆனால் 2008இல் மாவட்ட வழக்கறிஞர் குடும்பத்தை விடுவித்துக் கடிதம் கொடுத்திருக்கிறாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பெயரைச் சொல்லியே காணொளித் தொடராக வெளியிட நினைக்கிறேன். அட்டவணையை இணைத்துள்ளேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அட்டவணையை முழுக்கப் பார்த்தேன். நிறைய உழைத்திருக்கிறீர்கள். ஆனால் பெயர்கள் இருக்கும் வரிசையையும் மதிப்பெண் வரிசையையும் இன்றே அழித்துவிடுங்கள். தடயங்களின் வரிசை மட்டும் இருக்கட்டும். இந்த வழக்கில் வெளியாட்கள் கையில் இருப்பது, யாரோ ஒருவர் தன் தரப்புக்காக வெளியே விட்ட துண்டுகள்தான். அவற்றைக் கூட்டி ஒரு மனிதரிடம் போய்ச் சேர முடியாது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எடைபோடலாம். அது பயனுள்ள வேலை.

முதலில் பனி. காலடித் தடம் இல்லை என்பது 1997இல் செய்திகளில் பரவியது. 2003இல் அட்லாண்டாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ஜூலி கார்ன்ஸ் எழுதிய உத்தரவு, அன்று காலை அந்த வீட்டின் நடைபாதைகளில் பனி மூடியிருக்கவில்லை என்று சொல்கிறது. பனியே இல்லாத பாதையில் தடம் இல்லாதது எதையும் நிரூபிக்காது. உங்கள் அட்டவணையில் இந்தச் செய்தி நான்கு இடங்களில், நான்கு ‘ஆதாரங்களாக’ வருகிறது. நான்கும் ஒரே பழைய செய்தியைப் பார்த்து எழுதியவை. ஒரு செய்தியை முதலில் சொன்னவர் யார், எந்தத் தேதியில், எந்த ஆவணத்தை வைத்து என்று பின்னோக்கிப் போனால் உங்கள் வரிசைகளில் பாதி ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அந்த உத்தரவையும் கவனமாகப் படிக்க வேண்டும். அது கொலை வழக்கின் தீர்ப்பு அல்ல. பெற்றோர் தன்னைச் சந்தேகத்துக்குரியவராக எழுதிவிட்டார்கள் என்று ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கு அது. பெற்றோர் தரப்பு முன்வைத்த விவரங்களில் பலவற்றை எதிர்த்தரப்பு மறுக்காததால், அவை மறுக்கப்படாத உண்மைகளாக ஏற்கப்பட்டன. வெளியாள் வந்திருக்கலாம் என்பதற்கே சான்றுகள் அதிகம் பொருந்துகின்றன என்று நீதிபதி எழுதியது அந்த அடித்தளத்தின் மேல்தான். குடும்பத்துக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை. உங்கள் அட்டவணையும் சொல்லவில்லை.

போனஸ் தொகைக்கு நீங்கள் 10க்கு 9 கொடுத்திருக்கிறீர்கள். இரண்டரைப் பக்கக் கடிதம் அந்த வீட்டிலிருந்த எழுதுதாளில், அந்த வீட்டுப் பேனாவாலேயே எழுதப்பட்டது. அதே தாள்கட்டில் தொடங்கிக் கைவிட்ட ஒரு முயற்சியும் இருந்தது. அதாவது எழுதியவருக்கு அந்த வீட்டுக்குள் நேரம் இருந்தது. வீட்டாருக்கு அது இயல்பாகவே உண்டு. ஆளில்லாத வீட்டில் மணிக்கணக்கில் காத்திருந்த ஒருவருக்கும் உண்டு. மேசையில் கிடக்கும் காகிதங்களைப் படிக்கவும் முடியும். ஒரு தடயத்தின் எடையைக் காண இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். வீட்டார் செய்திருந்தால் இது எவ்வளவு எதிர்பார்க்கத் தக்கது? வெளியாள் செய்திருந்தால் எவ்வளவு? முதல் கேள்விக்கு மட்டும் விடை எழுதினால் எந்தத் தடயமும் 9 மதிப்பெண் வாங்கும்.

வீட்டாரின் ஆடை இழைகள், கைரேகைகள் பற்றிய வரிசைகளையும் இதே கேள்விகளோடு பாருங்கள். 911 அழைப்பு காலை 5:52க்குப் போனது. அதன்பின் குடும்ப நண்பர்கள் வீட்டுக்குள் வந்தார்கள், நடமாடினார்கள். சிறுமியின் படுக்கையறை மட்டுமே மூடப்பட்டது. முதலில் வந்த காவலர் வீட்டின் நிலவறையில் தாழிட்ட ஒரு கதவின் முன்வரை போய்த் திரும்பினார். கடத்தியவன் வெளியேறிய வழியைத் தேடிக்கொண்டிருந்தார் அவர். தாழ் தன் பக்கம் இருந்ததால் அது வழியாக இருக்க முடியாது என்று நினைத்தார். பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு, வீட்டைத் தேடிப் பாருங்கள் என்று துப்பறியும் அதிகாரி சொல்ல, தந்தையே அந்தக் கதவுக்குப் பின்னிருந்த அறையில் உடலைக் கண்டு, வாயிலிருந்த ஒட்டுநாடாவை அகற்றி, மேலே தூக்கிவந்தார். அதன்பின் உடலில் இருக்கும் வீட்டாரின் இழை எதைக் காட்டும்? இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருள் இல்லை. அந்தக் காலை நேரத்தில் அழிந்தது திரும்பக் கிடைக்காது. இந்த வழக்கைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

கையெழுத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் பார்க்கும் படத்தை வைத்துக் கையெழுத்தை ஒப்பிடக் கூடாது. பேனாவின் அழுத்தம், எழுத்தை எங்கே தொடங்கி எங்கே முடித்தார், இழுப்பின் வேகம் ஆகியவை மூலத்தாளில்தான் தெரியும். ஒப்பிட வேண்டியது அந்த நபர் வழக்குக்கு முன்பே இயல்பாக எழுதியவற்றோடு, அதுவும் நிறைய மாதிரிகளோடு. மூலத்தைப் பார்த்த நிபுணர்கள் தந்தையை விலக்கினார்கள், தாயை முழுமையாக விலக்க முடியவில்லை என்றார்கள். விலக்க முடியாததை ‘பொருந்துகிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு.

911 ஒலிப்பதிவில் என்ன கேட்கும் என்று எழுத்தில் காட்டிவிட்டு ஒலிக்கவிட்டால் காது அதையே கேட்கும். சோதிக்க வேண்டுமானால், வழக்கே தெரியாத சிலரிடம் எந்தக் குறிப்பும் இல்லாமல் கொடுத்து, தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட 2008 கடிதம். உள்ளாடையில் இருந்த ரத்தக்கறையில் அடையாளம் தெரியாத ஓர் ஆணின் டி.என்.ஏ. விவரம் கிடைத்து, 2003 டிசம்பரில் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டது. 2008இல் சிறுமி அணிந்திருந்த நீளக் காற்சட்டையின் இடுப்புப் பகுதியில் தொடுகை டி.என்.ஏ. (தொடும்போது ஒட்டிக்கொள்ளும் செல்களிலிருந்து கிடைப்பது) எடுக்கப்பட்டது, முந்தையதோடு ஒத்துப்போகிறது என்று மாவட்ட வழக்கறிஞர் மேரி லேசி குடும்பத்தை விடுவித்துக் கடிதம் எழுதினார். 2016இல் அந்த ஆய்வக அறிக்கைகளைப் படித்த வெளி வல்லுநர்கள், காற்சட்டையில் இருந்தது ஒருவருடையது அல்ல, கலவையாக இருக்கலாம் என்று சொன்னார்கள். கலவை என்றால், ஒருவரிடமும் முழுமையாக இல்லாத ஒரு ‘மனிதரை’ நாமே உண்டாக்கிவிடும் ஆபத்து உண்டு. தொடுகை டி.என்.ஏ. தைத்தவர், மடித்தவர், துணியைத் தொட்டவர் யாரிடமிருந்தும் வரலாம். ஆகவே அந்தக் கடிதம் குற்றமின்மையின் நிரூபணம் அல்ல. அதற்காகக் குற்றத்தின் நிரூபணமும் ஆகிவிடாது. 2013இல் வெளியான ஆவணங்கள், 1999இல் கிராண்ட் ஜூரி (குற்றம் சுமத்தலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழு) பெற்றோர் மீது குற்றம் சுமத்த வாக்களித்ததைக் காட்டின. அன்றைய வழக்கறிஞர் அலெக்ஸ் ஹன்டர் சான்று போதாது என்று கையெழுத்திடவில்லை. கிராண்ட் ஜூரி ஒரு தரப்பை மட்டுமே கேட்கும், விசாரணைக்கு அனுப்பப் போதுமா என்று மட்டுமே பார்க்கும். இந்த இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

டி.என்.ஏ.வை வைத்து உறவினர்கள் வழியே ஆளைக் கண்டுபிடிக்கும் மரபியல் வம்சாவளித் தேடல் இங்கே உடனே ஏன் நடக்கவில்லை என்றும் ஒரு குறிப்பு எழுதியிருந்தீர்கள். தரவுத்தளத்தில் இருக்கும் விவரம் அதற்கு உதவாது. அது டி.என்.ஏ.வில் 13 முதல் 20 இடங்களை மட்டும் பார்க்கும். வம்சாவளித் தேடலுக்கு லட்சக்கணக்கான இடங்கள் வேண்டும். மிச்சமிருக்கும் மாதிரியிலிருந்தே புதிதாக எடுக்க வேண்டும். மாதிரி குறைவாகவும் கலவையாகவும் இருந்தால் ஒரு முயற்சியில் தீர்ந்துபோகும். தாமதம் எல்லாம் மறைப்பு அல்ல.

பெயரைச் சொல்வது பற்றி என் கருத்து உறுதியானது. 2006 ஆகஸ்டில் பாங்காக்கில் கைதான ஒருவர் தானே செய்ததாகச் சொன்னார். உலகம் முழுக்க வழக்கு முடிந்துவிட்டது என்று எழுதினார்கள். டி.என்.ஏ. பொருந்தாமல் அதே மாதம் 28ஆம் தேதி அவர் மீதான கொலை வழக்கு கைவிடப்பட்டது. ஒப்புக்கொண்டவரின் பெயரே பன்னிரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லை. சிறுமியின் அண்ணன் கொலை நடந்தபோது ஒன்பது வயதுக் குழந்தை. 2016இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் அவரைக் குற்றவாளியாகக் காட்ட, அவர் 75 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2019இல் அது சமரசத்தில் முடிந்தது. உங்கள் பட்டியலில் அதிக மதிப்பெண் பெற்றவரும் யாரோ ஒருவரின் வீட்டில் இருக்கும் மனிதர். அவர் மீது எந்த நீதிமன்றமும் எதையும் நிறுவவில்லை. அதைத் தமிழில் சொன்னால் பாதிப்பு குறையும் என்று நினைக்காதீர்கள்.

காணொளி செய்வதானால் தடயம் ஒன்றுக்கு ஒரு பகுதி என்று செய்யுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். பிறகு 2003 உத்தரவு, 2013இல் வெளியான பக்கங்கள், 2008 கடிதம். விசாரணையில் இருந்தவர்கள் எழுதியவற்றைக் கடைசியில் படியுங்கள். வெளியாள் என்று நம்பிய லூ ஸ்மிட் போன்றவர்களும், பெற்றோர் என்று நம்பியவர்களும் 1998இலேயே விலகித் தத்தம் தரப்புக்காக வாதாடியவர்கள். ஒவ்வொரு வரிசையிலும் ‘முதலில் சொன்னவர்’, ‘தேதி’, ‘சத்தியப் பிரமாணத்தின் கீழா’, ‘வீட்டார் என்றால்’, ‘வெளியாள் என்றால்’ என்று ஐந்து கட்டங்கள் போதும்.

ஒருவேளை யாரிடமும் இல்லாத ஒரு விவரம் உங்களிடம் கிடைத்தால் அதைக் காணொளியில் போட வேண்டாம். போல்டர் காவல்துறைக்கு அனுப்புங்கள். பொய்யாக ஒப்புக்கொள்பவரைப் பிரித்தறிய, வெளியே தெரியாத சில விவரங்களை விசாரிப்பவர்கள் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அவற்றில் ஒன்று பொதுவெளிக்கு வந்துவிட்டால் அந்தச் சோதனை பிறகு வேலை செய்யாது.

அன்புடன்.