கியர்பாக்ஸை இறக்கும் முன் மேலே பாருங்கள்

வணக்கம் சார். 99 மாடல் மாருதி 800, காலையில் வண்டிக்கு அடியில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஆயில், மெக்கானிக் கிராங்க் சீல் (கியர்பாக்ஸ் பக்கம் இன்ஜின் ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் அறுவடை முடிந்ததும் ரோட்டிலேயே உளுந்துச் செடியைக் காயப்போடுவார்கள். அதன் மேல் ஓட்டிவிட்டு வந்து என் வண்டியின் பானெட்டைத் திறந்தேன். டேப்பெட் கவரின் (இன்ஜினின் மேல் மூடி) பின் விளிம்பிலிருந்து பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள கூடு) வரை, விரல் அகலத்துக்குத் தூசியும் உமியும் ஒட்டி ஒரே கறுப்புக் கோடு. ஆயில் அங்கிருந்துதான் இறங்கியிருக்கிறது. கவருக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கை மாற்றியதோடு கசிவு நின்றது.

இன்ஜின் நன்றாக ஆறியபின், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டீசல் நனைத்த துணியால் சுத்தமாகத் துடையுங்கள். காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் எங்கே முதலில் ஈரமோ, அதுதான் இடம். ஆயில் அழுத்தம் குறைந்தால் விளக்கை எரியவிடும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சிலும் கசியலாம், அதையும் பாருங்கள்.

அப்புறம், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் ப்ரீத்தர் ஹோஸ் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுப் பேக்கிங்கும் கசியும். அதை முதலில் சுத்தம் செய்யுங்கள். கவர் போல்ட்டை மட்டும் இறுக்கித் தள்ளாதீர்கள், கவர் வளைந்துவிடும்.

மேலே எல்லாம் காய்ந்திருந்து பெல் ஹவுசிங்கின் அடியில் மட்டும் ஈரம் என்றால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். அதுவரை தினமும் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவு பாருங்கள். சைலன்சர் குழாயில் ஆயில் பட்ட வைக்கோல் ஒட்டியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும்.