வேலையை விடுவதா, வீட்டில் நர்ஸ் வைப்பதா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து என் வீட்டில் இருக்கிறார். குளிக்க, கழிப்பறை போக எல்லாவற்றுக்கும் நான்தான். ராத்திரி தூக்கமே இல்லை. ஹோம் நர்ஸ் வைக்கலாம் என்றால், "பெற்ற பிள்ளைகள் இருக்கும்போது எதற்கு வீண் செலவு?" என்கிறான் தம்பி. எனக்கு 47 வயது. பேசாமல் வேலையை விட்டுவிடட்டுமா? - ஒரு வாசகி

பதில்: வேண்டாம். இப்போதைக்கு அந்த முடிவை எடுக்காதீர்கள்.

உங்கள் தம்பி நர்ஸின் சம்பளத்தை மட்டும்தான் செலவாகப் பார்க்கிறார். நீங்கள் வேலையை விட்டால் மாதச் சம்பளத்தோடு, ஓய்வுக்கால நிதியில் நிறுவனம் போடும் பங்கும், வரவேண்டிய ஊதிய உயர்வும், அலுவலக மருத்துவக் காப்பீடும் சேர்ந்தே போகும். 50 வயதில் திரும்ப வேலை தேடினால் பழைய சம்பளம் கிடைப்பது கஷ்டம். அம்மா சில மாதங்களில் ஓரளவு தேறிவிடக்கூடும். உங்கள் ஓய்வுக்காலத்தில் விழும் துண்டு அப்படிச் சரியாகாது.

ஆள் எப்போது தேவை என்பதை வயதை வைத்து முடிவு செய்ய முடியாது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவது, சிறுநீர் மலம் அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு காரியங்களை வைத்தே முதியோர் மருத்துவத்தில் எடை போடுகிறார்கள். நீண்டகாலப் பராமரிப்பு பாலிசிகள் பலவும், இவற்றில் இரண்டோ மூன்றோ தானாகச் செய்ய முடியாதபோதுதான் பணம் தரும். அம்மாவுக்கு அப்படி ஒரு பாலிசி இருந்தால் பணம் தரத் தொடங்கும் முன் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று இன்றே பாருங்கள்.

ஒரு வாரத்துக்கு நோட்டுப் போட்டு எழுதுங்கள். "இரவு 2.40, கழிப்பறை, 25 நிமிடம், தூக்க இரண்டு பேர்" என்கிற மாதிரி. வாரக் கடைசியில் பாரம் எந்த நேரத்தில் விழுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது 24 மணி நேரமாக இருக்காது. இரவும் காலைக் குளியலும்தான் ஆளை முறிக்கிறது என்றால், அந்த மணி நேரத்துக்கு மட்டும் ஆள் வையுங்கள். தம்பியிடம் பேசுவதற்கும் அந்த நோட்டுதான் கணக்கு.

அடுத்து, யாரை வைப்பது? காயத்துக்குக் கட்டு மாற்ற, ஊசி போட, கத்தீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்) பார்க்கப் பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும். குளிப்பாட்டவும் பிடித்து நடத்தவும் உதவியாளர் போதும். இரண்டாவது வேலைக்கு நர்ஸ் கட்டணம் கொடுக்கிற குடும்பங்கள் நிறைய. அந்தக் காசை பிசியோதெரபிக்குக் கொடுங்கள். இடுப்பெலும்பு முறிவில் தேறுவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான்.

சிலவற்றுக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். குதிகாலிலோ முதுகின் அடியிலோ சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அம்மா மறுபடி விழுந்தாலும், மாத்திரை மாறிப்போனாலும், தூக்கமில்லாமல் நீங்களே வண்டி ஓட்டும்போது கண் அயர்ந்தாலும் அன்றைக்கே ஆளை அழையுங்கள்.

செலவு முதலில் அம்மாவின் பணத்திலிருந்து போகட்டும். அவருடைய பென்ஷனும் வைப்பு நிதியும் இந்த நாளுக்காகச் சேர்த்தவைதான், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். மீதியைத் தம்பியோடு பங்கிடுங்கள். நீங்கள் கொடுக்கும் நேரத்தையும் உங்கள் பங்காக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஓய்வுக்கால நிதியில் கை வைக்காதீர்கள்.

கூடவே, அம்மா கட்டவேண்டிய பில்கள் சமீபமாகத் தவறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மறதி நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பணம் கட்டத் தவறுவது தொடங்குகிறது என்று அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படி ஏதும் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மா தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கை அவருக்காக நீங்கள் கையாள அதிகாரப் பத்திரத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்குங்கள். மறதி முற்றி அவரால் முடிவெடுக்க முடியாமல் போனால் சாதாரணப் பத்திரம் பல நாடுகளில் செல்லாது என்பதால், அதற்குப் பின்னும் செல்லும்படி எழுத முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஏஜென்சியில் ஒரு மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். ஆள் வராத நாளில் மாற்று யார், வேலையில் அடிபட்டால் பொறுப்பு யார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.